17 ஆடு, 2 பிள்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் இருக்கிறோம். தொழுவில் 17 வெள்ளாடுகள். வீட்டுக்குள் 16 வயதில் ஒருவன், 14 வயதில் ஒருத்தி. கல்யாண வீடு, துஷ்டி வீடு, ரேஷன் கடை வரிசை, எங்கே போனாலும் இந்த இரண்டு கூட்டத்தைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது? எழுதியே வைத்துவிட்டேன்.

இரண்டில் எதை வளர்ப்பது கஷ்டம்?

பகலில் கேட்டால் ஆடு என்பேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்காதீர்கள்.

உங்களிடம் இருப்பது என்ன ஆடு?

கன்னி ஆடு. உடம்பு கருப்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கொம்படியிலிருந்து மூக்கு வரை கோடு இழுத்த மாதிரி இருக்கும். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களுக்குச் சொந்தமான இனம். மழை ஏமாற்றும் ஊரில் பிழைக்கத் தெரிந்தது. ஒரு ஈற்றுக்கு இரண்டு குட்டி சகஜம்.

முன்பு கொடி ஆடும் ஒரு ஜோடி வைத்திருந்தோம். காலும் கழுத்தும் நீளம், எட்டாத கிளையெல்லாம் அதற்கு எட்டும். போன வருஷம் என் மகன் ஒரே மூச்சில் ஒரு முழம் வளர்ந்து, பரண் மேல் நான் ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவை நின்ற இடத்திலிருந்தே எடுத்தான். அன்றிலிருந்து என் மாமியார் அவனைக் கொடி ஆடு என்றுதான் கூப்பிடுகிறார். அவனும் ஒன்றும் சொல்வதில்லை, டப்பா கையில் இருக்கும்வரை.

‘படிக்காவிட்டால் ஆடுதான் மேய்க்கணும்’ என்று பிள்ளைகளை மிரட்டுவீர்களா?

அந்த வசனம் ஊரில் எல்லா வீட்டிலும் செல்லும், எங்கள் வீட்டில் செல்லாது. ஒரே ஒரு தடவை, மகன் கணக்கில் 31 மார்க் வாங்கி வந்த அன்று, வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “சரிம்மா. ஓடைப்பக்கம் ஓட்டட்டுமா, கண்மாய்ப்பக்கம் ஓட்டட்டுமா?” என்று தொரட்டிக்கம்போடு வாசலில் நின்றான்.

போகட்டும் என்று விட்டேன். கண்மாய்க் கரையில் ஏறினால் போனில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஆடு மேய்த்தது போலவும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆச்சு என்பார்களே, அவனுக்கு இரண்டாவது காரியம் நெட் பார்ப்பது. வெள்ளாடு செம்மறி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகத் தலை குனிந்து போகிற சாதியில்லை. ஒன்று கிழக்கே பார்த்தால் இன்னொன்று மேற்கே பார்க்கும். முன்னால் போகிறதைப் பிடித்தால் பின்னால் இருப்பது நழுவும். எந்தக் காட்டில் என்ன பயிர், எந்த வரப்பு யாருடையது, எந்தக் கிணற்றில் தண்ணீர் காட்டலாம், மேகம் கறுத்தால் எத்தனை நிமிஷத்தில் வீடு சேரலாம் என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மழைத்துளி பட்டால் ஆடு உங்களைக் கேட்காது, தானாகவே வீட்டுக்கு ஓடிவிடும்.

பொழுது சாய 16 ஆடும் ஒரு பையனும் வந்தார்கள். பதினேழாவதை அடுத்த தெரு அண்ணாச்சி கயிற்றைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவர் பருத்திக் காட்டில் அரை வரிசை காலி. எல்லாம் பேசி முடித்து அவர் போனபிறகு மகன் சொன்னான்: “ம்மா, கணக்கே பரவாயில்லம்மா.”

ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள் யாரும் ஒருநாள்கூட ஆடு மேய்த்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

என்ன கொடுத்தால் சாப்பிடும்?

ஆடு என்றால் அகத்தி, வேம்பு, முருங்கை, பூவரசு, சூபாபுல், உடைநெற்று. வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளைக்கு நாலைந்து கிலோ பசுந்தழை வேண்டும். எதைப் போட்டாலும் தின்னும் என்று நினைப்பது தப்பு. தரையில் விழுந்து மிதிபட்ட குழையை மோந்து பார்த்துவிட்டு, இதைத் தின்பதற்கு நான் என்ன மாடா என்கிற மாதிரி நம்மை ஒரு பார்வை பார்க்கும். அதே குழையைக் கட்டாகக் கட்டி, தலை உயரத்துக்குத் தொங்கவிட்டால் எட்டி எட்டித் தின்னும். ஆடு தொடாத இலை ஆடாதொடை என்பார்கள். அந்தக் கசப்பு அதற்கு ஆகாது.

பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். தட்டில் போட்டுக் கையில் கொடுத்த இட்லி ஆறிக் காய்ந்து கிடக்கும். அதே இட்லியை அடுப்படியில் மூடி வைத்துவிட்டு “தொடாதீங்க, அப்பாவுக்கு” என்று சொல்லுங்கள், பத்து நிமிஷத்தில் பாத்திரம் காலி. எங்கள் வீட்டில் ஆடாதொடை என்றால் பாகற்காய்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. வறட்சியில் வாடி நிற்கிற இளஞ்சோளப் பயிரிலும், மரவள்ளி இலையிலும் சயனைடு விஷம் இருக்கும். ஆடு அதில் வாய் வைத்தால் மணிக்கணக்கில்கூடத் தாங்காது, வயிறு ஊதி, மூச்சு வாங்கி விழுந்துவிடும். பூக்காத சோளக்காட்டுப் பக்கம் ஆட்டை ஓட்டாதீர்கள்.

ஆடு காகிதம் தின்னும் என்கிறார்களே, உண்மையா?

ஆட்டுக்குக் கை கிடையாது. புதுசாக எதைப் பார்த்தாலும் உதட்டால் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். சுவரில் ஒட்டிய போஸ்டரை உரித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பின்னால் இருக்கிற மைதாப் பசைக்காக. பிளாஸ்டிக் பையைத் தின்றால்தான் ஆபத்து. செரிக்காமல் இரைப்பையில் தங்கி அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் நான்தான் ஒருநாள் சாப்பிடும்போது பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொன்னேன். அது என் தப்பு. அடுத்த பரீட்சை முடிந்ததும் மகன் வந்து, “ரேங்க் கார்டை ஆடு தின்னுட்டும்மா” என்றான். எந்த ஆடு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து ‘டீச்சர்’ என்றான். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. எதையும் முறைத்துப் பார்க்கிற ஒரு பெட்டை ஆட்டுக்கு மகள் வைத்த பெயர் அது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் தொழுவில் டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தார். “ஆட்டுக்கு வயிறு நாலு அறை. முதல் அறைக்குப் போனது எப்படியும் அசைபோட மேலே வரும். வரட்டும், பார்த்துட்டே எந்திரிக்கேன்” என்றார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆடும் அசைபோட்டபடியே அவரை முறைத்தது. ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளக்கப் போன மாமியார், அரிசிப் பானைக்குள்ளிருந்து ரேங்க் கார்டை எடுத்தார். அதில் ஒரு கடிகூட இல்லை.

அதே மாதம் அவனுடைய போன் சார்ஜர் வயரை ஒரு குட்டி நிஜமாகவே கடித்து வைத்தது. அதை நாங்கள் யாரும் நம்பவில்லை. அந்தக் குட்டியின் பெயர் இப்போது சார்ஜர்.

வேலி போட்டால் நிற்குமா?

நிற்காது. ஆட்டின் கண்பாவை படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி 300 டிகிரிக்கு மேல் அதற்குத் தெரியும். நீங்கள் முதுகுப்பக்கம் நின்று படலை மூட மறந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். வேலியில் எந்த முள் காய்ந்து தளர்ந்திருக்கிறது என்று வேலி போட்டவனைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

மகன் விஷயத்தில் வேலி என்பது பைக் சாவி. ஒளித்து வைக்காத இடமில்லை. கடைசியில் குலதெய்வம் படத்துக்குப் பின்னால் வைத்தோம். அன்றிலிருந்து அவனுக்குப் பக்தி வந்துவிட்டது, தினமும் சாயங்காலம் விபூதி பூசிக்கொள்ளப் போகிறான்.

தண்டனை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் பயிரில் மேய்ந்த ஆட்டைப் பவுண்டு என்கிற அரசாங்கப் பட்டியில் அடைக்க 1871-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான், ஏதோ சில்லறை கட்டி மீட்டுக்கொள்ளலாம். வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல ஆடு வாங்கலாம் என்று மகனிடம் சொன்னேன். “என்ன ஆடும்மா, பால்கன்னியா?” என்று கேட்கிறான்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆட்டுக்குப் பல்லைப் பார்க்க வேண்டும். மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கீழே எட்டுப் பல். ஒன்றேகால் வயது வாக்கில் நடுவில் இருக்கிற இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கும், ‘ரெண்டு பல்லு போட்டுட்டு’ என்பார்கள். அப்புறம் நாலு, ஆறு, நாலு வயசு வாக்கில் எட்டும் சேர்ந்துவிடும். சந்தையில் ஆட்டின் வாயைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள்.

பிள்ளைகளின் வயது நேரத்துக்கு நேரம் மாறும். போன் கேட்கும்போது, “நான் என்ன சின்னப்பிள்ளையா?” தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால், “நான் சின்னப்பிள்ளைதானம்மா.”

கிடா ஏன் அப்படி நாறுகிறது?

பருவம் வந்த கிடா, பெட்டைகளுக்குத் தன் வாசம் எட்டட்டும் என்று தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் அடித்துக்கொள்ளும். அப்புறம் மேலுதட்டைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு, பெரிய சாதனை செய்த மாதிரி நிற்கும். தொழுவுக்குள் நுழைந்தால் நமக்குக் கண் எரியும். பெட்டைகளுக்கு அதுதான் அத்தர். கிடாக்குட்டிகளை மூன்று மாதத்திலேயே தனியாகப் பிரித்துவிட வேண்டும். குட்டிதானே என்று சும்மா இருந்தால் அடுத்த ஐந்தாவது மாதம் கணக்கில் வராத குட்டிகள் பிறக்கும்.

பையனுக்கு மூத்திரத்துக்குப் பதிலாக பாடி ஸ்பிரே. ஒரு வாரத்தில் ஒரு டப்பா. டியூஷனுக்குப் போகிற நாளில் மட்டும் அடிக்கிறான் என்பதை நான் கவனித்ததாக அவனுக்குத் தெரியாது. ஒருநாள் அடித்துக்கொண்டு தொழு வழியாகப் போனான். எங்கள் பெரிய கிடா மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு நாலு தும்மல் போட்டது. தன் தொழிலில் இன்னொருவன் இறங்கியது அதற்குப் பிடிக்கவில்லை போல.

நோய் என்றால் எப்படித் தெரியும்?

ஆடு அசைபோடுவதை நிறுத்தினால், கூட்டத்தை விட்டுத் தனியாக ஒதுங்கி நின்றால், காதைத் தொங்கப்போட்டால், கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்தால் ஏதோ கோளாறு. ஆட்டின் சாதாரண உடல்சூடே 102, 103 டிகிரி இருக்கும், கையை வைத்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி இருக்கிறது. துள்ளுமாரி ஊசியை மழைக்கு முன்னாடியே போட்டுவிட வேண்டும், மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற நல்ல குட்டிதான் துள்ளி விழுந்து சாகும். குடல்புழு மருந்தும் தவறக் கூடாது.

தனியாக ஒதுங்கி, காதில் ஏதோ தொங்க, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருப்பது பிள்ளைகள் விஷயத்தில் பூரண ஆரோக்கியத்தின் அறிகுறி. என் மகள் ஒருநாள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, ஏதாச்சும் வேலை இருக்கா?” என்று கேட்டாள். உடனே நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். 101.

கூப்பிட்டால் வருமா?

நாக்கை உருட்டி ‘ட்ர்ர்ர்’ என்றால் 17-ம் வரும். குட்டி கத்தினால் தாய்க்குத் தன் குட்டி எது என்று சத்தத்திலேயே தெரியும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2012-ல் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ஒரே கூட்டத்தில் சேர்ந்து வளர்கிற குட்டிகளின் கத்தலும் ஒரே மாதிரி ஆகிவிடுமாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் வீட்டிலும் தெருவிலும் யாரும் ‘ப்ரோ’ என்று பேசியதில்லை. மகன் மட்டும் எங்கே கற்றான்? இப்போது தாத்தாவையே ப்ரோ என்கிறான். அவரும் “என்ன ப்ரோ?” என்கிறார், அதுதான் எனக்கு வேதனை.

பொதுத்தேர்வு வருஷத்தில் என்ன செய்வீர்கள்?

கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாவைப் பார்த்திருப்பீர்கள். கயிறு கிடையாது, யார் காட்டில் வாய் வைத்தாலும் சாமி கிடா என்று விட்டுவிடுவார்கள், அடி கிடையாது, வீட்டுக்கு வீடு தீனி. போன வருஷம் பத்தாம் வகுப்பு எழுதியபோது மகன் அப்படித்தான் இருந்தான். டிவியை நிறுத்தினோம், பாதாம் ஊறப்போட்டோம், மதினி வீட்டிலிருந்து தினமும் முட்டை வந்தது. கிடா ஊர்ப்பயலாகத் திரிந்தது. கொடை நாள் நெருங்க நெருங்கத்தான் அதன் கண்ணில் ஒரு சந்தேகம் தெரிந்தது.

நேர்ந்த கிடாவின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். தலையை உதறினால் சம்மதம் என்று அர்த்தம். “நல்லா படிக்கியாடா?” என்று கேட்டால் இவனும் தலையை ஆட்டுவான். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் தலையை உதறத்தானே செய்யும்? நாங்கள்தான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். பாஸாகிவிட்டான், சாமி புண்ணியம்.

ஏன் ராத்திரி தூங்குவதில்லை, காலையில் எழுவதில்லை?

ஆடு விடிவதற்கு முன்னால் எழுந்து கத்தும். பிள்ளைகள்தான் இப்படி. திட்டித் திட்டி அலுத்தபிறகு ஒரு டாக்டரம்மா விளக்கினார்: இந்த வயசில் தூக்கத்தைக் கொண்டுவருகிற மெலடோனின் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்குமாம், தூக்கமும் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தேவையாம். சரி, பாவம் என்று நினைத்தேன். மகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது எழுப்பினால் போர்வைக்குள்ளிருந்து “மெலடோனின்” என்று ஒரே ஒரு வார்த்தை வருகிறது.

அரசாங்கம் இலவசமாக ஆடு தந்ததே, அதில் வந்ததா இதெல்லாம்?

முதல் நாலு அப்படி வந்ததுதான். 2011-ல் ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நாலு ஆடு என்று கொடுத்தார்கள், மாமியார் பெயரில் கிடைத்தது. அதே வருஷம்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினியும் தொடங்கியது. என் கொழுந்தனுக்கு அது கிடைத்தது. ஆடு இன்று வரை பெருகிக்கொண்டிருக்கிறது. கணினி பரணில் இருக்கிறது.

ஆடுகளை விற்க மனசு வருமா?

எனக்கு வரும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு மகனைக் கூட்டிப்போய்ப் பழக்கியிருக்கிறேன். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை வாயைப் பிளந்து பார்த்தான். இப்போது பாக்கெட் மணி கேட்கும்போது அப்பாவின் கையைத் துண்டால் மூடி விரலைப் பிடிக்கிறான். அவர் எப்போதும் ஒரு விரலோடு நிறுத்திக்கொள்வார்.

மகள்தான் சிக்கல். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிடுகிறாள். பெயர் வைத்த ஆட்டை விற்பது லேசில்லை. பூரியை விற்ற அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், “பூரிக்கு எவ்வளவு கிடைச்சது?” என்றாள். சொன்னேன். “ஏமாந்துட்டம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் ஆட்டு வேலைக்கு உதவுவார்களா?

சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மகளிடம் மூன்று தடவை சொல்ல வேண்டும். அதையும் சொல்கிறேன், இதையும் சொல்கிறேன். போன தை மாதம் டீச்சருக்கு நாள் நெருங்கியிருந்தது. ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள், நாலைந்து நாள் முன்பின் இருக்கும். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன், வீட்டுக்காரர் வெளியூர். ராத்திரி ரெண்டு மணிக்குத் தொழுவில் கத்தல் கேட்டுக் கண் விழித்தால் பக்கத்தில் மகளைக் காணோம்.

போய்ப் பார்த்தேன். போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முதல் குட்டி வந்து விழுந்திருந்தது, மூக்கிலிருந்த சளியை வழித்துவிட்டு, சாக்கால் துவட்டி, தாயின் மூக்குக்கு நேரே நக்குவதற்குத் தள்ளி வைத்திருந்தாள். இரண்டாவதற்கு முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்கும் தெரிந்தன. “சரியாத்தான் வருதும்மா, நீ கை வைக்காதே” என்றாள். நான் வைக்கவில்லை. அது விழுந்ததும் தொப்புள்கொடியை நூலால் கட்டி, பிளேடைக் கொதிநீரில் போட்டெடுத்து வெட்டி, அயோடின் தடவினாள். கொதிநீர் எப்போது வைத்தாள் என்றே தெரியவில்லை. அரைமணி நேரத்துக்குள் இரண்டு குட்டிக்கும் மடியைப் பிடித்துச் சீம்பால் ஊட்டியாகிவிட்டது. மகன் வாசற்படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, “முடிஞ்சுட்டா? முடிஞ்சுட்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“இதெல்லாம் எங்கடி படிச்சே?” என்றேன். “நீ செய்றதைப் பார்த்துத்தான்” என்றாள். நான் செய்வதை அவள் தலை நிமிர்ந்து பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினேன். மெலடோனின்.

குட்டி விலைக்குக் கிடைக்குமா?

இப்போது மூன்று கிடாக்குட்டி இருக்கிறது, பிஸ்கட், சார்ஜர், அப்புறம் அன்று ராத்திரி பிறந்ததில் ஒன்று. விலையை என்னிடம் பேச வேண்டாம், சின்னவளிடம் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பதினொரு மணிக்கு முன்னால் வந்தால் காத்திருக்க வேண்டியிருக்கும்.